வேடர் பொருளியலும் வளர்ச்சித் திட்டங்களும்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவீதி கட்டுகாஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து அலவத்துகொடயை அடைகின்றது. மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களும் பலாவும் கமுகும் நிறைந்த அச்சிற்றூரில் நிற்போர்க்குக் கிழக்கே சில மைல் தொலைவில், மலையின் வயிற்றினுள்ளே, ஓர் ஆறு கண்ணுக்குத் தெரியாது ஓடுகின்றது. 1976 ஆம் ஆண்டு பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ ஐந்து மைல் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கிருந்து அந்நீர் சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை வழியே வடக்கிலுள்ள வறண்ட நிலங்களுக்குச் செல்கின்றது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் முதற் பெருவேலை இதுவே. வயலுக்கு நீரும் வீட்டுக்கு மின்னொளியும் தந்த வேலை என்ற வகையில் இதனைப் போற்றாதார் இலர்.

அதே திட்டம் ஏழாண்டுகளின் பின்னர் நாட்டின் கீழ்த்திசைக் காடுகளை எட்டியபோது, அங்கு வாழ்ந்த ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் பிழைப்புக்கு என்ன நேர்ந்தது என்பது மலைநாட்டிற் பலரும் எண்ணிப் பாராத செய்தி. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுகளைக் கடந்து மகியங்கனைக்கு இறங்கி, மேலும் கிழக்கே சென்றால் தம்பானை என்னும் ஊர் வரும். இலங்கையின் ஆதிக்குடிகளாகிய வேடர் இன்று பெரிதும் அறியப்படுவது அவ்வூரைக் கொண்டே. அவர்கள் தம்மை ‘வன்னியலத்தோ’ என்பர். காட்டில் வாழ்வோர் என்பது அதன் பொருள். ஊருவருகே, மொறானை, உணப்பானை, நமதேவ முதலாய குலப்பெயர்கள் அவர்களிடையே வழங்குகின்றன. கதிர்காமக் கந்தனின் தேவி வள்ளி வேடர் மகள் என்பதும், கண்ணுக்குக் கண் இடந்து அப்பிய கண்ணப்ப நாயனார் வேடர் தலைவர் என்பதும் சைவர் அனைவரும் அறிந்தவை. கோயிலுக்குள் வேடரைக் கைகூப்பித் தொழும் சமுதாயம், கோயிலுக்கு வெளியே அவர்களை நாகரிகம் எட்டாத மாக்கள் எனக் கருதி வந்தது விந்தையே. அக்கருத்து வெறும் இகழ்ச்சியோடு நின்றிருந்தாற் பெருந்தீங்கு விளைந்திராது. அது அரசாங்கத் திட்டங்களின் அடிப்படையும் ஆயிற்று.

வேடர்க்குச் சொத்து இல்லை. ஆதலால் அவர்களிடமிருந்து எடுப்பதற்கும் எதுவும் இல்லை. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றிக் கூறும் பகுதி சிறிதாயினும் பொருள் நிறைந்தது. காட்டினை அவர்கள் தமக்குள் எல்லை வகுத்துப் பிரித்து வைத்திருந்தனர் என்றும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் எல்லைக்குள் வேட்டையாடவோ தேன் எடுக்கவோ கனி கொய்யவோ கூடாது என்றும் அவர் எழுதுகின்றார். இதற்குச் சான்றாக அவர் சொல்லும் நிகழ்ச்சி மறக்கற்பாலதன்று. எல்லையோரத்தில் ஒரு பலாமரம் நின்றது. அதில் ஒருவன் பழம் பறிப்பதை அடுத்த எல்லைக்குரியவன் கண்டு, அம்மரம் தங்களது என்றான். சொல் முற்றிக் கைகலப்பாயிற்று. ஒருவன் மற்றவனை அம்பெய்து கொன்றான். இருபுறத்தாரும் திரண்டு பொருததில் இருபது முப்பது பேர் அவ்விடத்திலேயே மாண்டனர். ஒரு பலாமரத்திற்காக இத்தனை உயிர் போயிற்றே என்று இரங்குவது இயல்பு. எனினும், எவர்க்கும் உரியதல்லாத காட்டில் இத்தகைய போர் நிகழாது என்பதை உணர்தல் வேண்டும். வேலியும் உறுதிப்பத்திரமும் இல்லாவிடினும் உரிமை இருந்தது. அது உயிரினும் பெரிதாய் மதிக்கப்பட்டது.

1907 – 08 ஆம் ஆண்டுகளில் வேடர் குகைகளைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 1911 இல் தம் பெருநூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியரும் இதனையே கண்டனர். வேட்டைக்காடும், தங்கும் பாறைக்குகையும், மலைத்தேனீ கூடு கட்டும் பாறையும் குடும்பங்களுக்கு வழிவழி உரியனவாய் இருந்தன. மகளை மணந்து வந்த மருமகனுக்கும் அவற்றிற் பங்கு கொடுக்கப்பட்டதுண்டு.

இனி, அவர்களது பொருளியல் தன்னுள்ளே முடங்கியதுமன்று. தமக்கு வேண்டிய இரும்பு அம்புமுனையை அவர்கள் பெற்ற முறையை நொக்ஸ் விளக்குகின்றார். இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அம்பு எவ்வடிவில் வேண்டுமோ அவ்வடிவில் வெட்டிய இலையையும் அதனோடு வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாதொழிந்தால் ஓர் இரவில் அம்பு பாயும்! வாங்குவோனும் விற்போனும் முகம் பாராது நடத்திய இவ்வணிகத்தில் அளவும் இருந்தது, தவணையும் இருந்தது, ஒப்பந்தத்தை மீறினோர்க்குத் தண்டமும் இருந்தது. சங்க நூலாகிய பொருநராற்றுப்படை, தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்ற மக்களைக் காட்டும். காடும் நாடும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த அப்பழைய முறை ஈழத்துக் காட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது எனலாம்.

சேமிப்பும் அவர்கள் அறிந்ததே. மரப்பொந்தில் தேனை வார்த்து, இறைச்சியை அதில் இட்டு, களிமண்ணால் வாயை மூடி, பஞ்ச காலத்திற்கென வைப்பர். இவற்றோடு காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் விதைத்து, சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு வேறிடம் பெயரும் சேனைப் பயிர்ச்செய்கையும் அவர்களுட் பலர்க்கு உண்டு. வேட்டை, தேன், கிழங்கு, சேனை என்னும் நான்கும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. மழை பொய்த்தாற் சேனை பொய்க்கும், காடு பொய்க்காது. அந்நான்கிற்கும் நிலைக்களம் காடு ஒன்றே என்பதைக் கருத்திற் கொண்டாலன்றிப் பின் நிகழ்ந்தவற்றின் கொடுமை விளங்காது.

கண்டி மன்னரோடு அவர்கள் கொண்ட உறவும் நோக்கத்தக்கது. யானைத் தந்தம், தேன், மெழுகு, மான் இறைச்சி ஆகியவற்றை இறையாகக் கொண்டு வந்தோர்க்கு மன்னனின் அதிகாரி அம்பும் துணியும் தந்தான். ஒருமுறை ஒல்லாந்தர்மீது விரைந்து படையெடுக்க நேர்ந்தபோது வேடரும் அழைக்கப்பட்டனர். பிறரோடொத்த திறத்தோடு போரிட்டனர். ஆனால் ஊர் திரும்பியதும், மீண்டும் அழைப்பு வருமென அஞ்சி, எவரும் காணாதவாறு காட்டின் உட்புறம் பெயர்ந்துவிட்டனர் என்கிறார் நொக்ஸ். அரசின் ஆதரவு மிகுமிடத்தில் அதன் பிடியும் மிகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அக்காலத்தில் பெயர்ந்து செல்லக் காடு இருந்தது.

1815 இல் கண்டி பிரித்தானியர் கைப்பட்டது. 1817 – 18 இல் ஊவா – வெல்லசப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியில் வேடரும் கலந்துகொண்டனர். அதை அடக்கிய படையினர் அப்பகுதியின் வயல்களையும் வாழ்விடங்களையும் அழித்தனர். ஆயினும் வாளினும் கூரியதாய் வந்தது 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் மக்கள் குடியிராத நிலமும் முடிக்குரியன என்று கொள்ளப்படும் என அது கூறிற்று. கண்டிக் குடியானவனின் ஊர்க்காடும் சேனை நிலமும் கோப்பித் தோட்டமாக மாறியதற்கு இச்சட்டம் வழி வகுத்தது என்பது வரலாறு பயில்வோர் அறிந்தது. அதே சட்டத்தின் நோக்கில் வேடரின் காடு முழுவதும் ஒரு வரியில் ஆளில்லா நிலமாயிற்று. குடியானவனிடம் ஓலையேனும் இருந்தது. பலாமரத்தை எல்லையாகக் கொண்டவனிடம் என்ன இருந்தது?

சுதந்திரம் வந்தபின் அந்த ஒரு வரியை மாற்ற எவரும் நினைக்கவில்லை. 1949 இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் ஆட்சியிற் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. பழைய குளங்களைத் திருத்தியும் புதிய நீர்த்தேக்கம் அமைத்தும் வறண்ட வலயத்தை நெற்களஞ்சியமாக்குவது நாட்டின் பெருங்கனவாயிருந்தது. அக்கனவில் நியாயமும் உண்டு. எனினும் சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் மூடிய காடுகள் வேடரின் வேட்டைக்காடுகள் என்பது, கணக்கிற் கொள்ளப்பட்ட இழப்புகளுள் ஒன்றாக இடம்பெறவில்லை.

1977 இன் பின்னர் மகாவலித் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. விக்டோரியா, ரந்தெனிகலை, மாதுறு ஓயா என அணைகள் எழுந்தன. 1983 நவம்பர் 9 ஆம் நாள் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 58,000 ஹெக்டேருக்கும் மேல். நீர்த்தேக்கங்களின் நீரேந்து காட்டைக் காப்பதும், திட்டத்திற்காக வெட்டப்பட்ட காடுகளிலிருந்து வெளியேறிய விலங்குகளுக்குப் புகலிடம் அளிப்பதும் அதன் நோக்கம். விலங்குக்குப் புகலிடம் தேடிய அதே பிரகடனத்தால் மனிதர் புகலிடம் இழந்தனர். தேசியப் பூங்காவினுள் அனுமதியின்றிப் புகுதலும் வேட்டையாடுதலும் காட்டுப்பொருள் எடுத்தலும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நேற்றுவரை தொழிலாயிருந்தது ஒரே நாளிற் குற்றமாயிற்று. காட்டினுள் இருந்த குடும்பங்கள் ‘சி’ வலயத்தில் ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. முதுபெருந் தலைவர் ஊருவருகே திசாகாமியும் அவரைச் சேர்ந்த சில குடும்பத்தாரும் கோட்டபக்கினியை விட்டுப் போக மறுத்து அங்கேயே தங்கினர்.

மாற்றப்பட்டோர்க்கு எதுவும் கொடுக்கப்படாமல் இல்லை. குடும்பத்திற்கு இரண்டரை ஏக்கர் நீர்ப்பாசன வயலும் அரை ஏக்கர் மேட்டு நிலமும் கிடைத்தன. மகாவலிக் குடியேற்றவாசி ஒவ்வொருவர்க்கும் கிடைத்த அளவே அது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தெல்தெனியாவும் தும்பறைப் பள்ளத்தாக்கின் பகுதிகளும் மூழ்கியபோது வெளியேறிய கண்டிக் குடியானவர் பலரும் அதே ‘சி’ வலயத்திற்கு வந்து அதே இரண்டரை ஏக்கரைப் பெற்றனர். அவர்களும் துன்புற்றனர் என்பதில் ஐயமில்லை. முன்னோர் வாழ்ந்த வீட்டையும் விகாரையையும் நீருக்குக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அவர்கள் கைக்கு உழவு பழகியிருந்தது. விதை, உரம், கடன், அறுவடை, சந்தை விலை என்ற சங்கிலியின் கண்ணிகளை அவர்கள் அறிவர். வேடனுக்கோ அதே இரண்டரை ஏக்கர், தன் நான்கு தொழில்களையும் விட்டு ஐந்தாவதாக ஒன்றைப் பிறரிடம் கற்றுக்கொள்ளும் கட்டளையாயிற்று. தேனெடுக்கும் பாறையில் வல்லவனாய் இருந்தவன் வயல்வரப்பில் எழுத்தறியாத மாணவன் ஆனான். சமமாகக் கொடுக்கப்பட்ட ஒரே அளவு நிலம், கொள்வோர் இருவரை இருவேறு நிலையில் நிறுத்திற்று. கொடுத்தோர் அளவுகோலில் அது தெரியவில்லை.

வறுமை என்பதற்குப் பொருளியலார் பல வரைவிலக்கணம் கூறுவர். வருமானத்தை மட்டும் கொண்டு நோக்கின், குடியேறிய வேடனின் கையில் முன்பு இல்லாத பணம் வந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நோயாளிக்கு வைத்தியசாலையும் அணித்தாயின. இவற்றை இழிவாகப் பேசுதல் தகாது. வேடர் இளைஞருட் பலர் இவற்றை விரும்பி ஏற்றனர். காட்டு வாழ்வே இன்பம் என நகரில் இருந்து புகழ்வோர், பாம்பு கடித்த குழந்தையோடு காட்டில் ஓர் இரவு கழித்தவர் அல்லர். ஆனால் கேள்வி அதுவன்று. பள்ளிக்கூடம் தருவதற்குக் காட்டை எடுத்தாக வேண்டிய காரணம் என்ன? ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? அத்தீர்மானத்தில் வேடரின் சொல் எங்கே இருந்தது?

காட்டை இழந்தபின் தம்பானைக்கு வேறொரு வருவாய் வந்தது. அயல்நாட்டுப் பயணிகளும் உள்நாட்டு மாணவரும் வண்டி வண்டியாய் வந்து, தோளிற் கோடரி தொங்க நிற்கும் வேடரைக் கண்டு, தேனும் கைவினைப் பொருளும் வாங்கிச் செல்கின்றனர். இதனாற் பிழைக்கும் குடும்பங்கள் உள. வேட்டையாட அனுமதி இல்லாத வேட்டுவன், வில்லை வளைத்துக் காட்டுவதற்குக் காசு பெறுகின்றான். இப்பிழைப்பைப் பழிப்பதற்கில்லை. ஆனால் அம்பு எய்யும் திறத்தினும் அதன் காட்சிக்கே விலை மிகுந்துள்ளதால், திறம் தேய்ந்தாலும் வருவாய் தேயாது.

தமிழ் பேசும் வேடரும் ஈண்டு நினைக்கப்பட வேண்டியவர். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை முதல் திருகோணமலைக்குத் தெற்கே மூதூர் வரையுள்ள கரையோரத்தில் வாழும் இவர்களைச் செலிக்மன் தம்பதியர் கரையோர வேடர் எனத் தனியே பிரித்து எழுதினர். மீன்பிடித்தலும் தேனெடுத்தலும் சேனையும் இவர்கள் தொழில். நெடுநாட் போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவர்கள் வாழிடங்களைத் தாக்கின. தம்பானைக்குச் செல்லும் வண்டிகள் இவர்களிடம் வருவதில்லை. இவர்கள் வேடர் என்பதே அயலூரார் பலர்க்குத் தெரியாது.

வேறு வழி இல்லையா என வினவுவோர்க்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கற்பட்டுப் பகுதி இருளர் பாம்பு பிடித்தலிற் கைதேர்ந்தவர். தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்று வாழ்ந்தனர். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976 இல் பாம்புத்தோல் ஏற்றுமதி மீது விதிக்கப்பட்ட தடையும் அத்தொழிலை மூடின. மாதுறு ஓயாவில் நேர்ந்ததற்கு இது நிகரானது. ஆனால் அடுத்த படி வேறாய் அமைந்தது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. மாமல்லபுரத்திற்கு அண்மையில் வடநெம்மேலியில் அது இயங்குகின்றது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சே பாம்புக்கடி மருந்து செய்வதற்கு மூலப்பொருள். பாம்பின் தடத்தை மண்ணிற் படிக்கும் பழைய அறிவு அப்படியே இருக்கின்றது; அதன் பயன் மட்டும் மாறிற்று. சங்கத்தின் உறுப்பினர் இருளரே. குறை இல்லாமலும் இல்லை: எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசே வரையறுப்பதால், அனுமதி தாழ்ந்தால் அடுப்பும் தாழும். எனினும், சட்டம் ஒரு தொழிலை மூடியபோது அத்தொழிலின் அறிவையும் சேர்த்து மூடவில்லை. 2023 இல் இருளர் இருவர் அவ்வறிவிற்காகவே பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நீலகிரியிற் குறும்பர் முதலாய பழங்குடியினரும் மலைத்தேன் எடுப்போரே. கோத்தகிரியில் 2013 முதல் இயங்கும் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தேன், மிளகு, காப்பி ஆகியவற்றைக் கொண்டு விற்கின்றது. அதன் பங்குதாரர் பழங்குடியினர். பாறையில் தொங்கித் தேனெடுப்பவனே கடையின் உடைமையாளனாகவும் இருக்கும் நிலை இது. மகியங்கனைக் காட்டுத் தேனுக்கும் இத்தகைய அமைப்பு இயலாததன்று. அதற்கு முன் தேன் இருக்கும் பாறைக்குச் செல்ல உரிமை வேண்டும்.

அமெரிக்காவிற் பழங்குடியினர் பொருளாதாரத்தைப் பற்றி ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1987 இல் தொடங்கிய ஆராய்ச்சி, எந்த இனத்தார் தம் காட்டையும் நிலத்தையும் பற்றித் தாமே தீர்மானித்தார்களோ அவர்களிடையே தொழில்கள் நிலைத்தன என்ற முடிவுக்கு வந்தது. அரிசோனாவின் வெண்மலை அப்பாச்சியர் தம் காட்டில் எல்க் மான் வேட்டையைத் தாமே அளவிட்டு நடத்தி வருவாய் ஈட்டுவது பலரும் காட்டும் சான்று. ஆனால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலமும் தம் ஆட்சிமன்றமும் இருந்தன. இலங்கை வேடர்க்கு அவ்விரண்டும் இல்லை. அயல்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இங்கு முளைக்காது.

1996 இல் திசாகாமியின் மைந்தர் வன்னியா ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் பணிக்குழுவின்முன் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். 1998 இல் திசாகாமி காலமானபின் தலைமை அவரிடம் வந்தது. இன்று ஊருவருகே வன்னில அத்தோ என அறியப்படுபவர் அவரே. 2007 இல் ஐ. நா. பொதுச்சபை பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது ஆதரித்து வாக்களித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் எத்திட்டத்திற்கும் அவர்களது இசைவை முன்னரே, வற்புறுத்தலின்றி, உண்மையை எடுத்துக்கூறிப் பெறவேண்டும் என்பது அதன் முதன்மையான கூறு. ஆனால் பிரகடனம் சட்டமன்று. சட்டவலுவுடைய சர்வதேசத் தொழிலமைப்பின் 169 ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை ஏற்று ஒப்பமிடவில்லை.

2020 இல் பொல்லேபெத்தை, ரம்பக்கன் ஓயாப் பகுதியிற் காடு வெட்டப்படுவதற்கு எதிராக வேடர் தலைவரும் சூழலியல் அமைப்பொன்றும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அந்நிலம் தம் மூதாதையர் வாழ்ந்து பயன்கொண்ட காடு என்பது வேடரின் வாதம். காட்டை அழித்துப் பயிரிடக் கருதிய பயிர் சோளம். வேடன் தன் சேனையில், சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் பெயர்ந்து, காடு மீள வளர விட்டு விதைத்து வந்ததும் அதே சோளமே.